பதினோரு வருஷத்துப் பதில்

"அந்தப் பச்சைச் சேலையே எடுத்துக்க மிருது. உனக்கு அதுதான் எடுப்பா இருக்குது" என்றான் சபரீஷ், தோசையைப் பிட்டுக்கொண்டே.

மிருதுளா கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். எந்தப் பச்சைச் சேலை? இன்றைக்குச் சேலைப் பேச்சே எழவில்லை. கொஞ்சம் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. சித்தி பெண் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனபோது இரண்டு சேலைகளைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இவனைக் கேட்டாள். "ம்" என்றான். எந்தச் சேலைக்கு அந்த 'ம்' என்று தெரியாமல், கடைசியில் அவளே ஒரு மாம்பழ நிறத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அது நடந்து நாலு மாசம் ஆகிறது. கல்யாணம் முடிந்து அந்தப் பெண் இப்போது முழுகாமல்கூட இருக்கிறாள்.

"இப்ப எதுக்குங்க அது?"

"நீ கேட்டியே."

"நாலு மாசம் முன்னாடி கேட்டேன்!"

"அப்படியா? எனக்கு இப்பத்தான் கேட்டுச்சு. நீ கேட்டது, பின்னாடி அந்தக் கடைப்பையன் கொட்டாவி விட்டது, எல்லாம்." சொல்லிவிட்டு அவனே தோசையை மறந்து அவளைப் பார்த்தான். அவனுக்கும் அது புதுசாகத்தான் இருந்தது.

சபரீஷைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நல்ல மனிதன். குடி கிடையாது, கோபம் கிடையாது. ஒரே ஒரு குறை, ஆள் எதிரில் இருப்பான், ஆனால் இருக்கமாட்டான். கண் சுவரில் இருக்கும், கை எதையாவது கழற்றிக்கொண்டிருக்கும், மனசு எங்கே மேய்கிறதென்று அவனுக்கே தெரியாது. யார் எது சொன்னாலும் அவனிடம் மூன்று பதில்கள் உண்டு. 'ம்', 'சேரி', 'பாத்துக்கலாம்'. இந்த மூன்றை வைத்துக்கொண்டு பதினாலு வருஷம் குடித்தனம் நடத்த முடியுமா என்றால், முடியும். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் நடத்துகிறோம். அக்கம்பக்கத்தில் இவர்களைப் பார்த்துப் பொறாமைப்படக்கூடச் செய்தார்கள். ஒரு நாளாவது அந்த வீட்டில் சத்தம் கேட்டிருக்கிறதா?

வினை வந்தது லிஃப்டில். கோயம்புத்தூரில் முப்பது மாடிக்குக் குறைந்து யாரும் வீடு கட்டாத காலம் அது. பஸ் தானாகவே ஓடியது, கடைக் கல்லாவில் ஆள் இல்லை. ஆனால் கம்பியில் தொங்குகிற பெட்டியை ஒரு மனிதன் சோதித்துப் பார்த்து 'சரி' என்று சொன்னால்தான் ஜனங்கள் நம்பி ஏறினார்கள். அப்படிச் சொல்கிறவன் சபரீஷ். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு குடியிருப்பில் ஒன்பதாம் மாடிக் கதவின் பூட்டைக் கழற்றினான். ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே படியிறங்கிப் போனவன் வேறு எதையோ பார்க்க ஆரம்பித்துவிட்டான். பூட்டில்லாத கதவு திறந்து கிடந்தது, உள்ளே பெட்டி இல்லை. இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெண் காலைத் தூக்கி வைக்கப் போனவள், கீழேயிருந்து காற்று முகத்தில் அடித்ததால் நின்றாள். அந்தக் காற்று மட்டும் அடித்திருக்காவிட்டால் காலை வைத்திருப்பாள்.

கம்பெனியில் விரட்டவில்லை. வைத்தியம் பார்த்துச் சரியாகி வா, இல்லையென்றால் வராதே என்றார்கள்.

மனநல மருத்துவர் பெனாசிர் சிரித்த முகம். நிறையக் கேள்வி கேட்டார். பள்ளிக்கூடத்தில் எத்தனை குடை தொலைத்தீர்கள் என்பது வரைக்கும் கேட்டார். பிறகு, "இது கவனக்குறைபாடு. உங்களுக்குச் சின்ன வயசுலருந்தே இருக்குது" என்றார்.

"இது சின்னப் பசங்களுக்கு வர்றதில்லீங்களா?" என்றாள் மிருதுளா.

"சின்னப் பசங்கதானேம்மா பெரியவங்க ஆகறாங்க? ஒரு காலத்துல பெரியவங்களுக்கும் இது உண்டுன்னு பல பேரு ஒத்துக்கவே இல்ல. சோம்பேறி, பொறுப்பில்லாதவன்னு பேரு வெச்சு விட்டுட்டாங்க."

"மருந்து இருக்குதுங்களா?"

"தூண்டு மருந்து தருவோம். காப்பிக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு வெச்சுக்கங்களேன். அண்ணன் கொஞ்சம் முரடு, அதனால நாங்க பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும்."

"ஏற்கெனவே ஒரு இடத்துல நிக்காத மனுஷனுக்குத் தூண்டற மருந்தா? நல்லாருக்குதே!"

"எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. உங்க வீட்டுக்காரர் மண்டைக்குள்ள வர்றவன் போறவன் எல்லாரும் முழிச்சுத்தான் இருக்காங்க. கேட்டுல இருக்கற வாட்ச்மேன் மட்டும் தூங்கறான். அவனை எழுப்பத்தான் மருந்து."

முதலில் கொடுத்த இரண்டு மருந்துகளுக்கும் அவன் நெஞ்சு படபடத்தது. தூண்டாத வகை ஒன்றைக் கொடுத்தார்கள், அதற்கு அவன் நாளெல்லாம் தூங்கி வழிந்தான். நாலாவதாக வந்ததுதான் அந்த ஊதா கேப்ஸ்யூல். புது மருந்து. இதற்குக் குடும்பத்தாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் டாக்டர். ஏன் என்று விளக்கவும் செய்தார். அந்த நேரம் பார்த்து மிருதுளா, மகள் நேத்ராவைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவர நேரமாகிவிட்டதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சேரிங்க டாக்டர்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள். கவனக்குறைபாட்டுக்காரனை அழைத்துக்கொண்டு போனவளுடைய கவனம் அந்த லட்சணத்தில் இருந்தது.

பச்சைச் சேலைக்குப் பிறகுதான் டாக்டரிடம் மறுபடி ஓடினாள்.

"அன்னிக்கே சொன்னேனேம்மா" என்றார் பெனாசிர். "காது எப்பவும் கேட்டுட்டேதான் இருக்குது. மனசு வந்து வாங்கிக்காததால அதெல்லாம் பார்சல் மாதிரி வாசல்லயே கெடக்குது. இந்த மருந்து அதை ஒண்ணொண்ணா உள்ள எடுத்து வெக்குது. புதுசு மொதல்ல வரும், அப்புறம் பழசு. வேறெந்தத் தூண்டு மருந்துக்கும் இப்படி இல்ல. உடம்புக்குக் கெடுதல் இல்லன்னு பாத்துட்டோம்."

உடம்புக்கு இல்லை, சரி. மிருதுளாவுக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. மனிதன் வேலையில் பிசகுவதே இல்லை. அவள் போன தீபாவளிக்குச் சொன்ன குழாயைச் சரிசெய்தான். அதற்கு முந்தின பொங்கலுக்குச் சொன்ன பரணை ஒழித்தான். ஒரு நாள் சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து பீளமேட்டுக்கு ஓடினான். அங்கே ஒரு வாட்ச்மேன் இரண்டு வருஷத்துக்கு முன்னால், லிஃப்ட் மேலே ஏதோ உரசுகிற சத்தம் வருகிறது என்று சொல்லியிருந்தாராம். போய்ப் பார்த்தால் கம்பி பாதி அறுந்து நின்றது. அன்றைக்கு மிருதுளா அவனுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

நினைக்க நினைக்க அதிசயமாக இருந்தது அவளுக்கு. சுவரோடு பேசுவதாக நினைத்துப் பேசிய பேச்செல்லாம் ஒன்றுகூட வீணாகவில்லையே!

மாதாந்தரப் பரிசோதனைக்கு அவனோடு போனாள். ரத்த அழுத்தம் பார்க்க அவனை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். காத்திருக்கும் கூடத்தில் பக்கத்து நாற்காலியில், மகனை உள்ளே அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்த ஒரு பெரியவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பையனுக்கு உடம்பு சரியாகலீங்களா?" என்று கேட்டாள்.

"நெம்ப நல்லா ஆயிட்டானுங்க. வேலை கெடச்சுருச்சு." பெரியவர் மூக்கை உறிஞ்சினார். "சின்ன வயசுல அவன் எதையும் காதுல வாங்கமாட்டான். அந்தத் தைரியத்துல நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசிப்போட்டேன். நீயெல்லாம் எதுக்குப் பொறந்தேன்னு கேட்டிருக்கறேன். இப்ப இந்த மாத்திரை அவனை அந்த வயசுக்குத்தான் கூட்டிட்டுப் போகுது. நேத்து சாயங்காலம் வந்து, 'அப்பா, நான் அன்னிக்கு அழுதனா?'ன்னு கேக்கறான். நான் என்னத்தச் சொல்றது?"

மிருதுளா எழுந்து நேரே டாக்டர் அறைக்குள் போனாள்.

"டாக்டர், இது எதுவரைக்கும் போகும்?"

"கல்யாணம் வரைக்கும். அதுக்கும் முன்னாடிகூட."

"நடுவுல ஒரு வருஷத்தை மட்டும்..." அவளுக்கு வாய் குழறியது. "அதை மட்டும் தாண்டிப் போக முடியாதுங்களா?"

பெனாசிர் சிரிக்கவில்லை. "முடியாதும்மா. வாரத்துக்கு ஒருத்தராவது இதைக் கேக்கறாங்க. வேணும்னா மருந்தை நிறுத்தலாம். ஆனா நிறுத்தினா அவரு லிஃப்ட் பக்கம் போகக்கூடாது. அதுல மட்டும் நான் கண்டிப்பா இருப்பேன்."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சபரீஷ் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தான். இந்த முறை காதில் வாங்காதவள் அவள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், நேத்ரா பிறப்பதற்கு முன்னால், மிருதுளா விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்தவன் ஆதர்ஷ். அவள் ஒரு வாக்கியம் சொன்னால் அதற்கு மூன்று கேள்வி கேட்பான். கேட்க ஆள் இல்லாமல் காய்ந்து கிடந்தவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அவனுக்குப் புனேயில் வேலை கிடைத்தது, நீயும் வந்துவிடு என்றான். அவளும் சரி என்றாள். சொல்லாமல் ஓடுவது மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில், சமையலறைத் தரையில் உட்கார்ந்து மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்த புருஷன் எதிரில் போய் நின்று முழுவதையும் சொன்னாள்.

அவன் நிமிரவில்லை. "சேரி மிருது, பாத்துக்கலாம்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் அவள் உடைந்துபோனாள். இப்படியும் ஒரு மனசு உண்டா? கத்தாமல், கையை ஓங்காமல், ஒரு கேள்விகூடக் கேட்காமல், உன் முடிவு உன் கையில் என்று விட்டுவிட்டானே! இப்படிப்பட்ட மனிதனை விட்டுவிட்டா போகப் பார்த்தோம் என்று குளியலறைக்குள் போய் அழுதாள். டிக்கெட்டை ரத்து செய்தாள். வேலையை விட்டாள். அன்றைக்குப் பிறகுதான் அவனை உண்மையாகவே நேசிக்க ஆரம்பித்தாள். அவன் 'ம்' போட்டபோதெல்லாம், இவன் பேசத் தெரியாதவன், ஆனால் மனசு கடல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த விஷயத்தை அவன் திரும்ப எடுக்காதது பெருந்தன்மை என்று நினைத்தாள். நேத்ரா பிறந்தாள்.

இப்போதுதான் உறைத்தது. அவன் மன்னிக்கவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. அன்றைக்கு அவன் கேட்கவே இல்லை.

இன்னும் சில வாரங்களில் கேட்டுவிடுவான். அதைவிட அவளை அரித்தது வேறொன்று. தன்னை மன்னித்த ஒரு மனிதனோடு பதினோரு வருஷம் வாழ்ந்ததாக நினைத்தாளே, அப்படி ஒரு மனிதன் இந்த வீட்டில் இருந்ததே இல்லையே.

பேச்சைக் குறைத்தாள். அவன் "அப்ப நேத்ராவுக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ என்னைக் கூப்பிட்டிருக்கறே" என்று ஆரம்பித்தால், நேத்ராவுக்கு அப்போது என்ன வயசு என்றுதான் அவள் மனசு ஓடும். ஐந்து வயசுக்குப் போய்விட்டான். மூன்றுக்குப் போய்விட்டான். ஒரு நாள், "பாப்பா வயித்துல உதைக்குதுன்னு என் கையை எடுத்து வெச்சிருக்கறே, நான் டிவி பாத்துட்டு இருந்திருக்கறேன்" என்று கண் கலங்கினான். அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு பயம்தான் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாட்கள் அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, நேத்ராவை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு வந்தாள் மிருதுளா. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஓரடி தள்ளி நின்ற சபரீஷ் சுவர்க் கடிகாரத்தின் பின்பக்கத்தைத் திறந்துகொண்டிருந்தான்.

"ஏனுங்க, பால் பொங்கறது தெரியலீங்களா?"

"ம்."

அடுப்பை அணைத்தாள். சந்தேகம் வந்தது. அவன் எதிரில் போய் நின்றாள்.

"மொட்டை மாடில ஒரு யானை நிக்குதுங்க."

"சேரி" என்றான், ஸ்குருவைத் திருகிக்கொண்டே. "பாத்துக்கலாம்."

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அது நின்றுபோனது. அதே குரல், அதே நிதானம். யானைக்கும் அதே பதில்தான். இதைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டல்லவா இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறாள்! தன்மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து எடுக்கவே இல்லை. கடிகாரத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள்.

"எதுக்குங்க மாத்திரையை நிறுத்தினீங்க?"

அவன் திருட்டு முழி முழித்தான். "லீவு சொல்லிட்டேன் மிருது. லிஃப்ட் பக்கமே போகல. நாளைக்குப் போயி வேலையை விட்டர்றேன்னு சொல்லிடறேன்."

"ஏன்?"

"நீ பயப்படறே. நான் ஒவ்வொரு வருஷமாப் பின்னாடி போறப்ப உன் முகத்தைப் பாத்தேன். ஏதோ ஒண்ணு வரப்போகுதுன்னு தெரிஞ்சுது. என்னன்னு தெரியல. தெரிய வேண்டாம். நீ பயந்துட்டு இருக்கறதைப் பாத்துட்டு நான் நல்லாகி என்ன பண்ண?"

எத்தனை சுலபம்! அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். அவன் எங்காவது ஒரு கடையில் ஏதாவது ஒரு வேலை பார்ப்பான், குடை தொலைப்பான், கேட்டதற்கெல்லாம் 'ம்' போடுவான், அக்கம்பக்கத்தார் பொறாமைப்படுவார்கள். அந்தச் சனிக்கிழமை வார்த்தைகளும் வாசலிலேயே கிடக்கும். ஒரு நிமிஷம் மிருதுளா அதற்கு ஆசைப்பட்டாள் என்பதை மறைப்பதற்கில்லை.

ஆனால் இந்த மனிதன், அவளுக்காக வேலையை விடத் துணிந்த இவன், அவள் கற்பனை செய்து வைத்திருந்தவன் இல்லை. இவன் உண்மையாகவே எதிரில் உட்கார்ந்திருந்தான். இவனை ஏமாற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

ஒரு கேப்ஸ்யூலும் தண்ணீரும் கொண்டு வந்து நீட்டினாள். "போடுங்க."

"வேண்டாம் மிருது."

"போடுங்கன்னு சொல்றேனில்ல."

போட்டான். அது வேலை செய்ய ஒரு மணி நேரம் பிடிக்கும். மிருதுளா பீன்ஸை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தாள். சபரீஷ் எதிரில் உட்கார்ந்தான். முதலில் விசிறியைப் பார்த்தான், பிறகு மேஜை விளிம்பைச் சுரண்டினான், எழுந்து ஜன்னலைத் திறந்தான், மூடினான், வந்து உட்கார்ந்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவன் கை அடங்கியது. கடைசியில் கண் வந்து அவள்மேல் நின்றது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

சொன்னாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எந்த வார்த்தைகளில் சொன்னாளோ, அதே வார்த்தைகளில் சொன்னாள். "எனக்கு ஆதர்ஷைப் பிடிச்சுப்போச்சுங்க. அவரு புனேக்குப் போறாரு. நானும் போயிரலாம்னு இருக்கறேன். டிக்கெட் போட்டாச்சு. உங்ககிட்ட சொல்லாமப் போக மனசு வரல. நீங்க என்ன சொல்லணுமோ சொல்லுங்க."

பிறகு, அன்றைக்கு அவன் சொன்ன பதிலையும், அதை அவள் எடுத்துக்கொண்ட விதத்தையும் சொன்னாள்.

சபரீஷின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். சமையலறை வரைக்கும் போனான், திரும்பி வந்தான்.

"நான் அன்னிக்கே கேட்டிருந்தா, போன்னு சொல்லியிருப்பேன்" என்றான். குரல் உடைந்து பெரிதாக வந்தது. அந்தச் சுவர்கள் அவனுடைய அப்படிப்பட்ட குரலைக் கேட்டதே இல்லை. "என்னைப் பிடிக்காத ஒருத்தியை நான் ஒரு நாளும் பிடிச்சு வெச்சிருக்கமாட்டேன். பெட்டியை நானே தூக்கிட்டு வந்து ரயில்ல ஏத்தியிருப்பேன். ஏத்திட்டு வந்து செத்திருப்பேன்."

மிருதுளாவின் கண் தானாகக் கூடத்துப் பக்கம் போனது. அங்கே சோபாவில் நேத்ராவின் புத்தகப்பை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அவன் அன்றைக்குக் கேட்கிற மனிதனாக இருந்திருந்தால் அந்தப் பை அங்கே இருந்திருக்காது. அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்பங்க?" என்றாள். அவளுக்கே கேட்காத குரல். அவனுக்குக் கேட்டது.

அவன் யோசித்தான். முகத்தில் வலி இருந்தது, அதை மறைக்கவும் அவன் முயற்சி செய்யவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து இன்றைக்குத்தான் முதன்முதலாக, என்ன பதில் வருமென்று தெரியாமல் அவன் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"இப்பக் கோவமா இருக்குது" என்றான். "நெம்பக் கோவமா இருக்குது. நாளைக்கும் இருக்கும், மாத்திரை போட்டா இன்னும் நல்லாவே இருக்கும். போட்டுட்டுத்தான் வேலைக்குப் போவேன். சாயங்காலம் வந்து இதையே கேப்பேன். உன்னால தாங்க முடியுமா?"

"முடியுங்க."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"அந்த ஆளு உன்கிட்ட என்னத்தக் கேட்டான், நான் கேக்காதது? மொதல்ல இருந்து சொல்லு."

மிருதுளா பீன்ஸ் தட்டைத் தள்ளி வைத்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் முதல் நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.